நூறு கோல் குறைந்த வருடம்

1972–73 பருவத்தில் நியூயோர்க் ஐலண்டர்ஸ் அணி 78 ஆட்டங்கள் ஆடி 12இல் வென்றது, 60இல் தோற்றது. வாங்கிய கோல்கள் 347. அடுத்த பருவத்தில் அதே 78 ஆட்டங்களில் வாங்கியவை 247. வெற்றிகள் 19தான். புள்ளிப் பட்டியலை மட்டும் பார்ப்பவர்களுக்கு அது இன்னொரு தோல்வி வருடம். ஐஸ் ஹொக்கியின் வரலாற்றில் எனக்கு ஆகப் பிடித்த வருடம் எது என்று கேட்டால் நான் அதைத்தான் சொல்வேன். பெரிய பெயர்களை விலைக்கு வாங்காமல், ஒரே வருடத்தில் ஒரு அணி நூறு கோல் குறைவாக வாங்கியிருக்கிறது. சொந்த வலையைக் காப்பது எப்படி என்று யாரோ ஒருவர் பொறுமையாக உட்கார்ந்து சொல்லிக்கொடுத்திருக்கிறார்.

அவர் பெயர் அல் ஆர்பர். மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு ஆடிய டிஃபென்ஸ்காரர். என்.எச்.எல். லீக்கில் 626 ஆட்டங்கள் ஆடி மொத்தம் 12 கோல் போட்டவர். பிறகு கோச்சாகி 1980 முதல் 1983 வரை, லீக்கின் சம்பியனுக்குரிய ஸ்டான்லி கிண்ணங்கள் நான்கை அடுத்தடுத்து வென்றார். அந்த நான்கு கிண்ணங்களைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். என் மனம் போய் நிற்பது அதற்கு முந்திய இருபது வருடங்களில்.

நான் ஸ்காபரோவில் ஒரு பனியரங்கில் நீண்ட காலம் வேலை செய்தவன். இடைவேளைகளில் ஸம்போனி வண்டியை ஓட்டி, கீறல் விழுந்த பனியைச் சுரண்டி, மேலே சுடுநீர் தடவி, தளத்தை மறுபடி வழுவழுப்பாக்குவது என் வேலை. மிச்ச நேரம் பலகை ஓரம் நின்று பிள்ளைகள் ஆடுவதைப் பார்ப்பேன். சனிக்கிழமை காலைகளில் வரும் பெற்றோருக்கு, எங்கள் ஆட்கள் உட்பட, ஒரே ஆசைதான்: பிள்ளை முன்வரிசையில் நின்று கோல் போட வேண்டும். ‘தம்பி, ஏன் பின்னுக்கு நிக்கிறாய்? முன்னுக்குப் போ!’ என்று கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து கத்துவார்கள். பின்னுக்கு நிற்பதுதான் அந்தப் பிள்ளையின் வேலை. அது எவ்வளவு பெரிய வேலை என்பதை அவர்களுக்கு எடுத்துச் சொல்ல எனக்கு எப்போதும் ஆசையாக இருக்கும்.

பனியில் ஒரு அணிக்கு ஆறு பேர். ஒருவர் கோலி, மூவர் முன்வரிசை, இருவர் டிஃபென்ஸ். எதிரணி பாய்ந்து வரும்போது டிஃபென்ஸ்காரர் பின்னோக்கிச் சறுக்கியபடியே அதைச் சந்திக்க வேண்டும். வருகிறவனின் மட்டையில் இருக்கும் பக்கைப் பார்த்தால் ஏமாந்துபோவார். நெஞ்சைப் பார்க்க வேண்டும். நெஞ்சு திரும்பும் பக்கம்தான் ஆள் போவான். அவனை நடுவழியில் விடாமல் பலகை ஓரத்துக்கு ஒதுக்க வேண்டும். அதேநேரம் மறுபக்கத்தால் நழுவி வருகிறவன் யார், தன் கூட்டாளி எங்கே, தன் முன்வரிசைக்காரர்களில் எவன் திரும்பி வருகிறான், எவன் வராமல் நிற்கிறான் என்பதெல்லாம் அவர் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்க வேண்டும். 61 மீற்றர் நீளத் தளம் முழுவதும் அவருக்கு முன்னால் விரிந்து கிடக்கிறது. பெஞ்சுக்குப் பின்னால் நிற்கும் கோச் காண்பதற்கு ஆகக் கிட்டிய காட்சியைக் காண்கிறவர் அவர்தான்.

ஆர்பர் 1932 நவம்பர் 1ஆம் திகதி ஒன்ராறியோவின் சட்பரி நகரில் பிறந்தார். ரொறன்ரோவுக்கு வடக்கே ஏறக்குறைய 400 கிலோமீற்றர் தூரத்திலுள்ள நிக்கல் சுரங்க நகரம் அது. வின்ட்சர் ஸ்பிட்ஃபயர்ஸ் அணியில் இளைஞர் ஆட்டம் ஆடி, 1953இல் டிட்ரோயிட் ரெட் விங்ஸ் அணிக்குள் வந்தார். அந்தக் காலத்தை மனதில் வைத்துப் பார்க்க வேண்டும். லீக்கில் ஆறே ஆறு அணிகள். ஒரு அணி ஐந்து அல்லது ஆறு டிஃபென்ஸ்காரர்களை வைத்திருக்கும். ஆக, கண்டம் முழுவதற்கும் முப்பது, முப்பத்தைந்து இடங்கள்தான். ஒரு வாரம் கணுக்கால் வீங்கினால் உங்கள் இடத்தில் வேறொருவர் நிற்பார். ஆர்பர் டிட்ரோயிட்டில் கொஞ்சம் ஆடினார், எட்மன்டன், கியூபெக் என்று சிறு லீக் அணிகளுக்கு அனுப்பப்பட்டார், திரும்ப அழைக்கப்பட்டார். மேலே ஏறுவதும் கீழே இறங்குவதுமாக அவருடைய இருபதுகள் கழிந்தன.

கண்ணாடியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பக் என்பது வன்கந்தகமேற்றிய இரப்பர் வில்லை. எடை 156 முதல் 170 கிராம் வரை. ஓங்கி அடித்தால் மணிக்கு 150 கிலோமீற்றரையும் தாண்டிப் பறக்கும். அப்போது ஆட்டக்காரர் எவரும் தலைக்கவசம் போடுவது வழக்கமில்லை. கோலிகளே வெறும் முகத்தோடு நின்ற காலம்; மொன்றியலின் ஜாக் பிளான்ட் 1959இல்தான் முகமூடியை ஆட்டத்தில் நிலைநாட்டினார். அப்படிப்பட்ட காலத்தில் மூக்குக்கண்ணாடியோடு ஆடிய மிகச் சிலரில் ஒருவர் ஆர்பர். அதிலும் அவருடைய சிறப்பே, அடிக்கப்படும் பக்குக்குக் குறுக்கே உடம்பைக் கிடத்தித் தடுப்பது. கண்ணாடியை வைத்து ‘ரேடார்’ என்று பட்டப்பெயர் வைத்தார்கள். எனக்கு அந்தப் பெயர் பிடிக்கும். எங்கிருந்து என்ன வருகிறது என்று எப்போதும் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு அது பொருந்துகிறது.

1958இல் சிக்காகோ. அங்கே பொபி ஹல், ஸ்டான் மிக்கிட்டா போன்ற நட்சத்திரங்களோடு 1961 ஸ்டான்லி கிண்ணம். அடுத்த வருடம் ரொறன்ரோ மேப்பிள் லீஃப்ஸ். 1962இல் இன்னொரு கிண்ணம். இரண்டு வேறு அணிகளோடு அடுத்தடுத்த வருடங்களில் கிண்ணம் வென்றவர்கள் வரலாற்றில் வெகு சிலர். 1964இல் மறுபடியும் ரொறன்ரோவோடு ஒன்று. ஆனால் அந்தப் பருவத்தில் அவர் லீஃப்ஸுக்காக ஆடியவை சில ஆட்டங்களே. பெரும்பகுதி ரொச்செஸ்டர் அமெரிக்கன்ஸ் என்ற சிறு லீக் அணியில் போனது. அங்கே 1965இல் அந்த லீக்கின் சிறந்த டிஃபென்ஸ்காரர் விருது கிடைத்தது. 1965, 1966 இரண்டிலும் அணி சம்பியனானது. முப்பது வயது தாண்டிய ஒருவர், மூன்று ஸ்டான்லி கிண்ணங்களைத் தொட்டவர், சிறு லீக்கின் நீண்ட பஸ் பயணங்களில். அதே அணியில் அதே டிஃபென்ஸ் வரிசையில் டொன் செரி என்று ஒருவர். அவர் தன் வாழ்க்கையில் ஆடிய என்.எச்.எல். ஆட்டம் ஒன்றே ஒன்று. பின்னாளில் அவர் பொஸ்டனின் கோச். ஒரே சிறு லீக் அணியின் பின்வரிசையிலிருந்து இரண்டு பெரும் கோச்கள் வந்தது எனக்குத் தற்செயலாகத் தெரியவில்லை. மேலேயிருந்து அழைப்பு வருமா என்று காத்திருக்கிறவன், தன்னைத் தேர்ந்தெடுப்பவர்கள் எதைப் பார்க்கிறார்கள் என்று யோசித்துக்கொண்டே இருக்கிறான். அழைப்பு வராத நாட்களிலும் ஆட்டத்தை முழுக் கவனத்தோடு பார்க்கிறான். கோச்சாவதற்கு அதைவிட வேறென்ன படிப்பு?

டிஃபென்ஸ்காரர் கோச்சாவது ஆர்பரோடு தொடங்கியதல்ல. லெஸ்டர் பட்ரிக் பழைய காலத்து டிஃபென்ஸ்காரர். நியூயோர்க் ரேஞ்சர்ஸ் அணியின் கோச்சாக இருந்த 1928இல், இறுதிச் சுற்றின் நடுவே கோலி லோர்ன் ஷபோவின் கண்ணில் பக் பட்டுவிட்டது. வேறு கோலி கிடையாது. 44 வயது பட்ரிக் தானே கவசங்களைக் கட்டிக்கொண்டு வலைக்கு முன் போய் நின்றார். ரேஞ்சர்ஸ் மேலதிக நேரத்தில் 2–1 என்று வென்றது. கோச்சுக்கும் ஆட்டக்காரருக்கும் நடுவே கோடு அவ்வளவு மெல்லியதாக இருந்த காலம் அது. பிறகு ரொறன்ரோவில் ஹப் டே: மருந்தாளுநர் படிப்புப் படித்தவர், லீஃப்ஸின் டிஃபென்ஸ்காரர், கப்டன், பிறகு கோச். 1942 இறுதிச் சுற்றில் டிட்ரோயிட்டிடம் மூன்று ஆட்டங்கள் தோற்றபின், பேர்போன ஆட்டக்காரர்களை வெளியே உட்கார வைத்துவிட்டு, மிச்ச நான்கையும் வென்றார். அவரை மறந்துவிடாதீர்கள், திரும்பி வருவேன்.

மூன்றாமவர் டக் ஹார்வி, அவருடைய தலைமுறையின் தலைசிறந்த டிஃபென்ஸ்காரர். 1961–62இல் ரேஞ்சர்ஸ் அவரை ஆட்டக்காரரும் கோச்சுமாக எடுத்தது. அணியை, பருவ முடிவில் கிண்ணத்துக்காக நடக்கும் பிளேஓஃப் சுற்றுகளுக்கும் கொண்டுபோனார், சிறந்த டிஃபென்ஸ்காரர் விருதையும் வாங்கினார். ஒரு வருடத்தோடு கோச் வேலையை விட்டுவிட்டார். ஆட்டக்காரர்களோடு ஒருவராக இருக்கவே அவர் விரும்பினார். கோச்சால் அப்படி இருக்க முடியாது. இந்தத் தொழில் மாற்றத்தில் எல்லாருக்கும் வலிக்கும் இடம் இதுதான். நேற்றுவரை பக்கத்தில் உட்கார்ந்து காலணிக் கயிறு கட்டியவனிடம், இன்றைக்கு நீ ஆடவில்லை என்று சொல்ல வேண்டும்.

1967இல் லீக் ஆறிலிருந்து பன்னிரண்டு அணிகளாக விரிந்தது. பழைய அணிகள் விட்டுக்கொடுத்த ஆட்களிலிருந்து புதிய அணிகள் பொறுக்கியெடுத்தன. 34 வயது ஆர்பரை சென் லூயிஸ் ப்ளூஸ் எடுத்து, தன் முதல் கப்டனாக்கியது. அதே பருவத்தில் அந்த அணிக்குக் கோச்சாக வந்தவர் ஸ்கொட்டி போமன். ஆர்பரைவிட ஒரு வயது இளையவர், என்.எச்.எல்.லில் ஒரு ஆட்டமும் ஆடாதவர். சென் லூயிஸ் முதல் மூன்று வருடமும் இறுதிச் சுற்றுக்கு வந்து, மூன்று முறையும் ஒரு ஆட்டம்கூட வெல்லாமல் தோற்றது. 1970 மே 10ஆம் திகதி பொஸ்டனின் பொபி ஓர் மேலதிக நேரத்தில் கோல் போட்டுவிட்டுக் காற்றில் கிடையாகப் பறக்கும் அந்தப் புகைப்படத்தை ஹொக்கி தெரியாதவர்களும் பார்த்திருப்பார்கள். அதில் தோற்ற அணி ஆர்பரின் அணி. டிஃபென்ஸ்காரரும் கோல் போடலாம், ஆட்டத்தையே நடத்தலாம் என்று பொபி ஓர் உலகத்துக்குக் காட்டிய காலம் அது. ஆர்பர் அதை எதிர்ப்பக்கத்தில் நின்று பார்த்தார்.

அந்த 1970 இலையுதிர் காலத்தில் போமன் தன் கோச் இடத்தை ஆர்பருக்குக் கொடுத்தார். 50 ஆட்டங்கள் நடத்தினார். தோற்றதைவிட வென்றது அதிகம். பருவத்தின் நடுவே பெஞ்சைப் போமனிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு மறுபடி ஸ்கேட் கட்டிப் பனியில் இறங்கினார். அதோடு ஆட்ட வாழ்க்கை முடிந்தது. அடுத்த பருவத்தில் மீண்டும் கோச். 1972 நவம்பரில் வேலை போய்விட்டது. நாற்பது வயது. அட்லான்டா அணிக்கு ஆள் தேடும் ஸ்கவுட் வேலை பார்த்தார்.

ஐலண்டர்ஸ் அணி 1972இல் பிறந்ததே அவசரத்தில். நியூயோர்க்குக்குப் பக்கத்தில் லோங் ஐலண்டில் நாசோ கொலிசியம் என்ற புது அரங்கம் எழுந்திருந்தது. போட்டி லீக்கான டபிள்யூ.எச்.ஏ. அங்கே நுழைந்துவிடக் கூடாதென்று என்.எச்.எல். முந்திக்கொண்டு ஒரு அணியை வைத்தது. தேர்ந்தெடுத்த ஆட்டக்காரர்களில் பலர் அந்தப் போட்டி லீக்குக்கே போய்விட்டார்கள். மேலாளர் பில் டொரி கழுத்தில் போ டையோடு திரிபவர். கையில் காசில்லாவிட்டாலும் பொறுமை இருந்தது. விலைகொடுத்துப் பழையவர்களை வாங்க மாட்டேன், இளைஞர்களை எடுத்து வளர்ப்பேன் என்று நின்றார். அதற்கு வளர்க்கத் தெரிந்த ஒருவர் வேண்டும். 1973இல் ஆர்பரைக் கேட்டார். பிள்ளைகளைப் பெருநகரத்தில் வளர்க்க ஆர்பருக்கு மனமில்லை. நேரில் வந்து பார்த்து, லோங் ஐலண்ட் மன்ஹாட்டன் அல்ல என்று தெரிந்தபிறகுதான் சம்மதித்தார்.

பிறகு அந்த நூறு கோல். எப்படிக் குறைத்தார் என்பதற்கு மந்திரம் ஒன்றும் இல்லை. பழைய ஆட்டப் பதிவுகளைப் போட்டுப் பார்த்தால் தெரியும். பக் தொலைந்த கணமே முன்வரிசைக்காரர்கள் மூவரும் திரும்பி ஓடி வருகிறார்கள். டிஃபென்ஸ்காரர் இருவரும் ஒரே ஆளைத் துரத்திக்கொண்டு மூலைக்குப் போவதில்லை. ஒருவர் போனால் மற்றவர் வலைக்கு முன்னால் நிற்கிறார். நடுவிலுள்ள சென்டர் கீழே இறங்கி உதவுகிறார். பக்கைப் பறித்தவர் அதைக் கண்மூடி அடித்து விரட்டாமல், தலையைத் தூக்கிப் பார்த்து முதல் பாஸைக் கொடுக்கிறார். 12 கோலோடு 626 ஆட்டங்கள் தாக்குப்பிடித்த ஒருவர் வாழ்நாள் முழுவதும் செய்தது இவைதாம். திறமையில் தன்னைவிடப் பெரியவர்களிடமிருந்து தன்னைக் காத்துக்கொள்ள அவர் கண்டுபிடித்த வழிகளை, இருபது வயதுப் பையன்களுக்குப் பாடமாக்கினார்.

அந்தப் பையன்களில் முதன்மையானவர் டெனிஸ் பொட்வான், அணிகள் முறைவைத்து இளம் ஆட்டக்காரர்களை எடுக்கும் தெரிவில் 1973இல் முதலாவதாக எடுக்கப்பட்டவர். டிஃபென்ஸ்காரர்தான், ஆனால் ஆர்பரைப் போலவே இல்லாதவர். பக்கை எடுத்துக்கொண்டு தானே முன்னேறுவார், அடிப்பார், முட்டித் தள்ளுவார். ஆர்பர் அவரைத் தன் அச்சில் வார்க்க முயலவில்லை. முன்னே போ, ஆனால் பின்னால் என்ன விட்டுப் போகிறாய் என்று தெரிந்துகொண்டு போ என்பதுதான் அந்த வளர்ப்பின் சாரம் என்று நான் நினைக்கிறேன். பொட்வான் 310 கோல்களோடு ஓய்வுபெற்றார். போட்ட கோல்களையும் மற்றவர் கோலுக்குக் கொடுத்த பாஸ்களையும் சேர்த்து ஆயிரம் புள்ளிகளைத் தொட்ட முதல் டிஃபென்ஸ்காரர் அவர். நல்ல ஆசிரியரை அளக்க எனக்கு இது போதும்: தன்னால் முடியாததை மாணவன் செய்யும்போது அவர் குறுக்கே நிற்கவில்லை.

1975இல் அந்த அணி முதல்முறை பிளேஓஃப்புக்கு வந்தது. முதல் சுற்றில் பக்கத்து வீட்டு ரேஞ்சர்ஸ். கடைசி ஆட்டத்தின் மேலதிக நேரம் தொடங்கி 11ஆவது விநாடியில் ஜே.பி. பரிசே கோல் போட்டு ரேஞ்சர்ஸை வீட்டுக்கு அனுப்பினார். அடுத்தது பிட்ஸ்பேர்க். முதல் மூன்று ஆட்டங்களும் தோல்வி. ஆர்பர் கோலியை மாற்றி, சிக்கோ ரெஷ்ஷை நிறுத்தினார். நான்கு ஆட்டங்களும் வெற்றி. கடைசி ஆட்டம் 1–0. மூன்று தோற்று நான்கு வென்றது லீக் வரலாற்றில் அது இரண்டாம் முறை. முதல் முறை, ஹப் டேயின் 1942 லீஃப்ஸ். மூன்றாம் முறை 2010இல் ஃபிலடெல்ஃபியா. அதன் கோச் பீற்றர் லாவியொலெட்டும் ஆடிய காலத்தில் டிஃபென்ஸ்காரர்தான். 1975இன் அடுத்த சுற்றிலும் ஐலண்டர்ஸ் மூன்று தோற்று மூன்று வென்று, ஏழாவது ஆட்டத்தில்தான் ஃபிலடெல்ஃபியாவிடம் விழுந்தது.

1977 தெரிவில் ஒரு முடிவு. மைக் பொஸி இளைஞர் லீக்கில் கோல்களைக் குவித்தவர். ஆனால் எதிராளியை மறிக்கத் தெரியாது என்று பதினான்கு தெரிவுகள் அவரைத் தாண்டிப் போய்விட்டன. டொரி, இவரா அல்லது நன்றாக மறிக்கத் தெரிந்த இன்னொருவரா என்று ஆர்பரிடம் கேட்டார். மறிப்பதை நான் சொல்லிக்கொடுக்கலாம், கோல் போடுவதைச் சொல்லிக்கொடுக்க முடியாது என்ற கருத்தில் ஆர்பர் பொஸியைக் கேட்டார். பாதுகாப்பிலேயே வாழ்ந்த ஒருவர் அப்படிச் சொல்ல எவ்வளவு தெளிவு வேண்டும்! பொஸி முதல் பருவத்தில் 53 கோல் போட்டார். அதையும் சேர்த்துத் தொடர்ந்து ஒன்பது பருவங்கள் ஐம்பதுக்குக் குறையவில்லை.

ஆனாலும் 1978இல் ரொறன்ரோவிடம், 1979இல் லீக்கின் முதலிடத்தில் இருந்துகொண்டே ரேஞ்சர்ஸிடம் என்று பிளேஓஃப் தோல்விகள். நெருக்கடியில் உடையும் அணி என்று பெயர் வந்தது. 1980 மார்ச்சில் டொரி ஒரு மாற்றம் செய்தார்: லொஸ் ஏஞ்சலஸிலிருந்து பட்ச் கோரிங் வந்தார், பதிலுக்கு பில்லி ஹரிஸும் டேவ் லூயிஸும் போனார்கள். அதே நாட்களில், ஒலிம்பிக்கில் சோவியத்தை வென்ற அமெரிக்க அணியிலிருந்து கென் மொரோ வந்து சேர்ந்தார். பக்குக்குக் குறுக்கே விழுந்து தடுக்கும், ஆர்பரின் வகை டிஃபென்ஸ்காரர். மே 24ஆம் திகதி இறுதிச் சுற்றின் ஆறாவது ஆட்டத்தில், மேலதிக நேரத்தில் பொப் நைஸ்ட்ரம் போட்ட கோலோடு முதல் கிண்ணம். பிறகு மினசோட்டா, வன்கூவர், எட்மன்டன் அணிகளை வென்று இன்னும் மூன்று. 1983 இறுதிச் சுற்றில் வெய்ன் கிரெட்ஸ்கியின் எட்மன்டன் நான்கு ஆட்டங்களிலும் சேர்த்து ஆறு கோல்தான் போட்டது. கிரெட்ஸ்கி ஒரு கோலும் போடவில்லை. அந்த ஆறையும் நான் பழைய 347க்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். 1984இல் எட்மன்டனிடம் விழும்வரை, தொடர்ந்து 19 பிளேஓஃப் சுற்றுகளை அந்த அணி வென்றிருந்தது. இன்றுவரை எந்த அணியும் அதைத் தொடவில்லை.

1986இல் ஓய்வு, 1988இல் திரும்ப அழைப்பு. 1993இல், முந்திய இரண்டு கிண்ணங்களையும் வென்ற பிட்ஸ்பேர்க்கை ஏழாவது ஆட்டத்தில் வீழ்த்தினார். எதிர்ப் பெஞ்சில் நின்றவர் ஸ்கொட்டி போமன். சென் லூயிஸில் தனக்குக் கோச்சாக இருந்தவரை, அறுபது வயதில், நட்சத்திரம் குறைந்த ஒரு அணியோடு வென்றார். 2007 நவம்பர் 3ஆம் திகதி, அப்போதைய கோச் டெட் நோலன் கேட்டுக்கொள்ள, 75 வயதில் ஒரே ஒரு ஆட்டத்துக்குத் திரும்ப வந்து பெஞ்சுக்குப் பின்னால் நின்றார். ஐலண்டர்ஸோடு அது அவருடைய 1500ஆவது ஆட்டம். பிட்ஸ்பேர்க்கை 3–2 என்று வென்றது 740ஆவது வெற்றி. 2015 ஓகஸ்ட் 28ஆம் திகதி புளோரிடாவில் காலமானார்.

மொத்த வெற்றிகளில் போமனுக்கு அடுத்த இடம் நீண்ட காலம் அவருடையதாக இருந்தது: 782. 2016 ஜனவரியில் அதைத் தாண்டிய ஜோயல் கென்விலும் டிஃபென்ஸ்காரராக ஆடியவர்தான்.

ஆனால் எனக்குக் கென்விலைவிட டேவ் லூயிஸின் கதைதான் முக்கியம். அந்த நூறு கோல் குறைந்த 1973–74இல் ஆர்பரிடம் புதிதாக வந்த டிஃபென்ஸ்காரர் அவர். ஏழு பருவங்கள் தோல்விகளையெல்லாம் கூட இருந்து சுமந்துவிட்டு, முதல் கிண்ணத்துக்குச் சில வாரங்கள் முன்னால் லொஸ் ஏஞ்சலஸுக்கு மாற்றப்பட்டார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆட்டங்கள் ஆடியும் ஆட்டக்காரராக அவருக்கு ஸ்டான்லி கிண்ணம் கிடைக்கவே இல்லை. ஓய்வுபெற்று டிட்ரோயிட் பெஞ்சில் உதவிக் கோச்சானார். போமனுக்குப் பக்கத்தில் நின்று 1997, 1998, 2002 என்று மூன்று கிண்ணங்கள் வென்றார். 2002இல் போமன் ஓய்வுபெற்றபோது, அவர் இடத்துக்குத் தலைமைக் கோச்சாக டிட்ரோயிட் தேர்ந்தெடுத்தது லூயிஸை.